ஒவ்வொரு செல்லாகத்தான் ஃபான்ட் வைக்க வேண்டுமா?

கணக்கன்: "எக்செல் ஃபைல் எழுதும் பைத்தான் லைப்ரரியான ஓப்பன்பைஎக்ஸ்எல்லில் மொத்த ஃபைலுக்கும் ஒரே ஃபான்ட் வேண்டுமென்றால் செல் செல்லாக லூப் போட்டு ஃபான்ட் வைப்பதுதான் ஒரே வழி" என்று தூரிகை எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. ஸ்டைல் வைக்காத செல்கள் ஃபைலின் ஃபான்ட் பட்டியலில் முதலாவதாக இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். லைப்ரரி தானாக வைக்கும் ஃபான்டான கேலிப்ரி, அளவு 11, உட்கார்ந்திருப்பது அங்கேதான். கோடில் வொர்க்புக்கின், அதாவது மொத்த ஃபைலின், _ஃபான்ட்ஸ் பட்டியலைப் புதிதாக்கி, உங்கள் ஃபான்டை முதலில் சேருங்கள். முடிந்தது.

தூரிகை: அந்தப் பெயர் அடிக்கோட்டில் தொடங்குகிறது. வெளியாள் தொடாதே என்று அர்த்தம். அடுத்த வெர்ஷனில் மாற்றிவிட்டால் யார் பதில் சொல்வது?

கணக்கன்: லூப் போட்ட ஃபைலைத் திறந்து, கீழே காலி செல் ஒன்றில் ஏதாவது டைப் செய்து பாருங்கள். கேலிப்ரிதான் வரும். ஷீட்டில் 10,48,576 வரிசை, 16,384 நெடுவரிசை. அத்தனைக்குமா லூப்?

தூரிகை: கேட்டது அடிக்கோட்டைப் பற்றி.

கடைசிபெஞ்ச்: எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரிக்கு மாறுங்கள். வொர்க்புக் உருவாக்கும்போதே எல்லா செல்லுக்குமான டீஃபால்ட் ஃபார்மட் கொடுக்கலாம். டாக்குமென்டேஷனிலேயே இருக்கிறது, அடிக்கோடும் இல்லை.

கணக்கன்: ஏற்கெனவே இருக்கும் ஃபைலைத் திறந்து திருத்த அதனால் முடியாது. என் வேலையில் பாதி அதுதான்.

தூரிகை: போன தடவை "நெடுவரிசைக்கு ஸ்டைல் வைத்தால் போதும்" என்றீர்கள். நம்பிச் செய்தேன். கோட் எழுதிய ஒரு செல்லிலும் ஒட்டவில்லை. ஒரு நாள் போனது.

கணக்கன்: பிற்பாடு எக்செல்லில் தட்டும் செல்களுக்குத்தான் அது என்று அன்றே எழுதினேன். பாதியைப் படித்துவிட்டு என்மேல் பழி போடாதீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: நெடுவரிசை அகலத்தின் அளவே நார்மல் ஸ்டைலின், அதாவது ஃபைலின் அடிப்படை ஸ்டைலின், ஃபான்டில் ஓர் இலக்கம் எவ்வளவு அகலம் என்பதை வைத்துத்தான். முதல் ஃபான்டை மாற்றினால் அகலமும் சேர்ந்து சரியாகும். லூப்பில் எழுத்து மட்டும் பெரிதாகும், அகலம் பழைய கேலிப்ரி கணக்கிலேயே நிற்கும். எண்கள் இருக்க வேண்டிய இடத்தில், இடம் போதாமல் ##### வரலாம்.

கடைசிபெஞ்ச்: இன்னும் கேலிப்ரியா? மைக்ரோசாஃப்ட் 2023லேயே ஆப்டோஸ் என்ற புது ஃபான்டுக்கு மாறிவிட்டதே.

கணக்கன்: அது எக்செல்லில் திறக்கும் புது புக்குக்கு. லைப்ரரி எழுதும் ஃபைல் தன் ஃபான்டைத் தானே சுமந்து வருகிறது. நடுவில் புகுந்து குழப்ப வேண்டாம்.

கடைசிபெஞ்ச்: உங்களைத் தவிர யாரும் பேசக்கூடாது என்றால் சொல்லிவிடுங்கள்.

தூரிகை: அகலம், ஆப்டோஸ் எல்லாம் வந்துவிட்டது. அடிக்கோட்டுக்கு மட்டும் பதில் வரவில்லை. நான் லூப்பை எடுக்கப்போவதில்லை.

கணக்கன்: காலி செல்லில் தட்டிப் பார்த்தீர்களா, இல்லையா?