மான்களை எடைமேடையில் ஏறப் பழக்குதல்: வழிகாட்டல் வேண்டும்
அனைவருக்கும் வணக்கம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் பயிலும் நான், எங்கள் கொங்கு வட்டாரத்துப் பூங்கா ஒன்றின் பராமரிப்பாளர்களுக்காக, விலங்குகள் தாமாக முன்வந்து சிகிச்சைக்கு ஒத்துழைக்கும் பயிற்சிமுறையைத் தமிழில் எழுதி வருகிறேன். துரத்திப் பிடிக்கப்படும் புள்ளிமான்கள், அச்சத்தாலும் தசைச் சிதைவாலும், பிடிபட்டுச் சில நாள் கழித்துக்கூட இறக்கக்கூடும் என்பதால், இம்முயற்சியை மிக அவசரமானதாகக் கருதுகிறேன். குச்சி நுனியை விலங்கு மூக்கால் தொட்டதும் விசில் ஊதித் தீனி தருவதையும், கம்பி வேலியோரம் படுத்துப் பழகிய புலியின் வாலிலிருந்து இரத்தம் எடுப்பதையும் ஓரளவு அறிவேன். ஆனால், கூட்டமாக வாழ்ந்து சிற்றோசைக்கும் மிரளும் மான்களை, ஒவ்வொன்றாக எடைமேடையில் ஏறி நிற்க எவ்வாறு பழக்குவது? விசிலுக்குப் பதிலாக மெல்லிய ஒலி ஏதேனும் உகந்ததா? தானியம் மிகுந்தால் அசைபோடும் விலங்கின் வயிற்றில் அமிலம் கூடுமாதலால், வேலிமசால் என்னும் தீவனப் பயிரோ அகத்திக்கீரையோ பரிசாகப் போதுமா? பட்டினி போட்டுப் பழக்குவதை நான் ஏற்கவில்லை. மான்களுடன் பணியாற்றியவர்கள், முதல் வாரத்தில் எதிலிருந்து தொடங்கலாம் என விளக்கினால் பேருதவியாக இருக்கும்.