பாட்டி 80 கமிட்டி

வியாழன், இரவு 9:12

கவின்: செல்வா மாமா, கேம்பெல் லேன்ல பாட்டிய எடுத்த ரெண்டு பிலிம் ரோலும் இன்னும் கழுவல. ஞாயிறு விசேஷத்துக்கு பிரேம் போடணும். ஒரே டேங்க்ல போட்டுடவா?

செல்வா மாமா: போடாத. எப்படி எடுத்த?

கவின்: எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம்தான். ஒண்ணு ஐஎஸ்ஓ 400, ஸ்டாண்ட் வச்சு, தீபாவளி லைட் வளைவோட. இன்னொண்ணு கையில, 1600.

மல்லிகா சித்தி: புளோக் கீழ வாய்ட் டெக்குக்கு நாற்காலி யாராவது சொல்லியாச்சா

தினேஷ்: 60

மல்லிகா சித்தி: பத்தாது

செல்வா மாமா: ஸ்டாண்ட் ரோல் எத்தனை செகண்ட்?

கவின்: லைட் மீட்டர் 8 காட்டுச்சு, 8 வச்சேன்

செல்வா மாமா: எச்பி5-க்கு மீட்டர் 8 சொன்னா 15 வைக்கணும்டா. நேரம் நீள நீள பிலிம் மந்தமாயிடும். பிரேம்ல பல்பு வேற இருக்கு, அதைப் பார்த்து மீட்டரும் குறைச்சுத்தான் சொல்லியிருக்கும். நிழல்ல ஒரு ஸ்டாப்பாவது கம்மி, அதாவது பாதி வெளிச்சம்கூட விழுந்திருக்காது.

கவின்: அப்ப டெவலப் டைம கூட்டிடறேன்

செல்வா மாமா: கூட்டினா பல்புதான் இன்னும் ஏறும். பாட்டி சேலை கறுப்பாவே கிடக்கும். வெளிச்சமே விழாத இடத்துல மருந்து என்ன பண்ணும்? ஒழுங்கா எக்ஸ்போஸ் பண்ணியிருந்தா ஐடி-11 மருந்துல சரிபாதி தண்ணி, 1+1, 13 நிமிஷத்த 10 ஆக்குன்னு சொல்லியிருப்பேன். இப்ப குறைச்சா முகமும் போயிடும். அதனால 1+3. தண்ணி கலக்காத ஸ்டாக் மருந்து 150 மில்லி, தண்ணி 450. பிலிம் சுத்துற ரீல் ரெண்டு பிடிக்கிற டேங்க், ரோல் கீழ, மேல காலி ரீல். 20 டிகிரி, 20 நிமிஷம். முதல் நிமிஷம் மெதுவா கவுத்து நிமித்து. அப்புறம் 3 நிமிஷத்துக்கு ஒருக்கா, ரெண்டே தடவை. பல்பு விழுந்த இடத்துல மருந்து சீக்கிரம் செத்துடும், ஆட்டலன்னா புதுசு வராது, அங்க அடங்கிடும். நிழல்ல மருந்துக்கு வேலை கம்மி, அது பாட்டுக்கு மெல்ல ஏறிக்கிட்டே இருக்கும்.

பாப்பா அத்தை: என்னங்க பிரியாணி எத்தனை பேருக்குன்னு கடைக்காரர் கேக்குறார்

கவின்: ஆட்டாமலே ஒரு மணி நேரம் விட்டுட்டா?

செல்வா மாமா: மருந்து வேலை செஞ்சதுல வர்ற புரோமைடு கீழ வடியும், பல்புக்குப் பக்கத்துல கோடு கோடா விழும். வேணாம்.

தினேஷ்: அக்கா கல்யாணத்துல மாப்பிள்ளை பாதி முகம் காணாம போச்சே, அதுவும் 1+3-ஆ மாமா 😂

செல்வா மாமா: அது பிளாஷ் சிங்க், பிளாஷும் ஷட்டரும் ஒத்துப் போகல. ஷட்டர 250-ல திருப்பி வச்சது யாருன்னு அப்பவே தெரியும்.

பாப்பா அத்தை: இப்ப எதுக்கு அது

கவின்: 1600 ரோல்?

செல்வா மாமா: மைக்ரோபென் மருந்து, தண்ணி கலக்காம, 20 டிகிரி, 11 நிமிஷம். இதுக்கு நிமிஷத்துக்கு ஒருக்கா 10 செகண்ட் ஆட்டு. இங்க முகம் நடு டோன்ல ஏறியாகணும், கான்ட்ராஸ்ட் கூடத்தான் செய்யும், விட்டுடு.

கவின்: குழாய்த் தண்ணி 29 இருக்கு மாமா

செல்வா மாமா: ஐஸ மருந்துல போட்டுடாத, கலவை மாறிடும். பையில கட்டி பேசின் தண்ணில போட்டு டேங்க அதுல நிறுத்து. 20 நிமிஷமும் தெர்மாமீட்டரப் பாக்கணும். முடியாட்டி 24-ல பிடி, 20 நிமிஷம் 14 ஆகும். ஆனா பேசின் 24-லயே நிக்கணும்.

மல்லிகா சித்தி: ஐஸ் ட்ரே என் வீட்டுல கிடைக்காது. போன தடவை ரசத்துக்குப் பக்கத்துல அந்த பிரவுன் பாட்டில வச்சது யாருண்ணே

தினேஷ்: 🤐

கவின்: சித்தி உங்க வீட்டு பாம் ஷெல்ட்டர் ரூம்லதான் பிலிம் ஏத்த முடியும், சுத்தமா இருட்டு

மல்லிகா சித்தி: அரிசி மூட்டை இருக்கு

செல்வா மாமா: ரீல் நல்லா காயட்டும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் இந்தப் புழுக்கத்துல பிலிம் பாதியில ஒட்டிக்கும், தள்ளினா மடங்கும். ஸ்டாண்ட் ரோல்ல முதல் மூணு பிரேம் எது?

கவின்: வெறும் வளைவு, பாட்டி இல்ல

செல்வா மாமா: அப்ப நுனியிலேர்ந்து 30 சென்டிமீட்டர் வெட்டி அதை மட்டும் முதல்ல போடு. காஞ்சதும் தமிழ் முரசு பேப்பர் மேல வை. நெகட்டிவ்ல பல்பு கறுப்பா இருக்கும், அந்தக் கறுப்புக்குள்ள எழுத்து மங்கலா தெரிஞ்சா மிச்சத்தையும் அப்படியே போடலாம். தெரியலன்னா 17 நிமிஷத்துக்கு இறக்கு.

பாப்பா அத்தை: பிரியாணி??

தினேஷ்: 70 சொல்லுங்க அத்தை

மல்லிகா சித்தி: 70 பேருக்கு 60 நாற்காலியா

கவின்: வெள்ளியா சனியா மாமா

செல்வா மாமா: வெள்ளி எனக்கு நைட் ஷிப்ட். சனி பாப்போம்.

மல்லிகா சித்தி: சனிக்கிழமை நான் தேக்காவுல பூ வாங்கப் போறேன். சாவி கீழ் வீட்டுல இருக்கும். அரிசி மூட்டைய நகத்தினா திருப்பி வைக்கணும்.