மணி பிளாண்ட் இலை மஞ்சளாகி விழுகிறது, காப்பாற்ற முடியுமா?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் 11ஆவது மாடியில் இருக்கிறோம், ஹாலில் டிவி அலமாரி மேல் மணி பிளாண்ட் வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக நன்றாகத் தொங்கிக்கொண்டிருந்த கொடி, இப்போது மூன்று வாரமாக அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, தொட்டாலே கையோடு வந்துவிடுகின்றன. தினமும் காலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன், ஒரு நாளும் விட்டதில்லை. புது இலைகளில் மஞ்சள் கோடும் இல்லை, வெறும் பச்சை. அம்மா வீட்டு வாசலில் இருந்த கொடியிலிருந்து வெட்டி வந்தது இது. அந்த வீட்டை விற்றாயிற்று, இனி வேறு கிடைக்காது. உரம் போடலாமா?

பட்டர்வொர்த் அண்ணன்:
உரம் வேண்டாம் தங்கச்சி, இப்போது போட்டால் இன்னும் கெடும். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா? விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் சிக்கல் தண்ணீரில்தான்.

செந்தூல்வாசி:
அண்ணா, ஓட்டை இருக்கிறது, ஆனால் அழகுக்காக அதை ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தேன். தூக்கிப் பார்த்தால் அடியில் ஓர் அங்குலம் தண்ணீர், சாக்கடை வாடை. வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மாதிரி மட்டும் நிற்கிறது.

பட்டர்வொர்த் அண்ணன்:
வேர் அழுகல், அதுதான். இது மரத்தில் ஏறி வளர்கிற கொடி, வேருக்குக் காற்று வேண்டும். சாலையோர மரங்களில் இலை முறம் அளவுக்கு விரிந்து ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே செடிதான். பழுப்பாகிக் குழைந்த வேரை எல்லாம் வெட்டிவிட்டு, வெள்ளையாக உறுதியாக இருப்பதை மட்டும் வைத்துப் புது மண்ணில் நடுங்கள். மண்ணோடு தேங்காய் நார்த்தூளும், பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல் துகளும் கலந்தால் தண்ணீர் தேங்காது, சுங்கை பூலோ நர்சரிகளில் கிடைக்கும். அப்புறம் நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், லேசாகத் தெரிந்தால் ஊற்றி, முழுக்க வடிந்த பிறகு பீங்கானுக்குள் வையுங்கள்.

அம்மா வீட்டுக் கொடி என்பதால் இன்றைக்கே நாலைந்து துண்டு வெட்டித் தனியாக வையுங்கள். இலைக்காம்பு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு சிறு முண்டு இருக்கும், அதுதான் கணு, அதற்கு ஒரு விரல் கீழே வெட்ட வேண்டும். அந்தக் கணு இல்லாமல் வெறும் இலையை வைத்தால் வேர் விட்டாலும் கொடி வராது.

அம்பாங் அக்கா:
கணுவைத் தண்ணீரில் வைத்தால் வாரம் இரண்டு முறையாவது தண்ணீரை மாற்றி, போத்தலின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது. டெங்கி வந்து அவதிப்பட்ட வீடு எங்களுடையது, அதனால் சொல்கிறேன். மஞ்சள் கோடு போனது வெளிச்சம் போதாததால், ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், ஆனால் மாலை வெயில் நேராக விழுந்தால் இலை கருகும். வீட்டில் பூனை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடியும்.

செந்தூல்வாசி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். தாய்ச்செடி பிழைக்கவில்லை, மிச்சமிருந்த தண்டும் கறுத்துவிட்டது. வெட்டி வைத்த ஐந்தில் நான்கு வேர் விட்டிருக்கின்றன, நீளமானது சுண்டுவிரல் அளவு. அண்ணா, மண்ணுக்கு மாற்ற இந்த நீளம் போதுமா? இரண்டை ஜொகூரில் இருக்கும் தங்கைக்குக் கொடுக்கப்போகிறேன்.

பட்டர்வொர்த் அண்ணன்:
தாராளமாகப் போதும். முதல் பத்து நாள் மட்டும் மண் முழுக்கக் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தங்கைக்கும் சொல்லிவிடுங்கள்.