வாயில் காவலர்

2023 டிசம்பர் 2, சனிக்கிழமை இரவு அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு வாரக் காத்திருப்பான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கோயிலுக்குப் போக முடியாததால் அன்றைய நற்செய்தியைக் கைபேசியில் வாசித்தேன். மாற்கு 13. வீட்டுத் தலைவர் பயணம் போகிறார், வாயில் காவலரை விழித்திருக்கச் சொல்கிறார். திரும்புவது மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ. உரோமையர் இரவை நான்கு சாமமாகப் பிரித்த கணக்கு அது.

மூன்றாம் இரவு என்னால் முடியவில்லை. செபமாலையில் எந்த மணியில் நின்றேன் என்பதே மறந்துபோனது. முகம் கழுவ வெளியே வந்தபோது வார்டு வாசலில் காவலுக்கு இருந்த பெரியவர் நின்றுகொண்டிருந்தார். "தூக்கமே வராதா ஐயா?" என்று கேட்டேன்.

"வரும் தம்பி. தூங்கக் கூடாது, தூங்கக் கூடாதுன்னு நினைச்சா கண்டிப்பா தூங்கிடுவேன். உள்ளே பதினாலு பேர் இருக்காங்க. யார் கூப்பிடுவாங்களோன்னு காதைக் கொடுத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம் பார்த்தா விடிஞ்சிருக்கும்."

அவர் என்ன மதம் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போனேன். அப்பாவின் கட்டைவிரல் தூக்கத்திலும் போர்வை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. மூன்று இரவாகப் பக்கத்தில் இருந்தும் அதை நான் கவனிக்கவில்லை. என் தூக்கத்தோடு மல்லுக்கட்டவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. போர்வைக்குப் பதில் என் விரலைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். அன்றைய செபம் அவ்வளவுதான்.

மாற்குவைத் தொடர்ந்து வாசித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. இயேசுவின் கடைசி இரவிலும் அதே வேளைகள்தான்: மாலையில் கடைசி உணவு, இரவில் கெத்சமனித் தோட்டத்தில் சீடர்களின் உறக்கம், சேவல் கூவும்போது பேதுருவின் மறுதலிப்பு, காலையில் பிலாத்துவிடம் கையளிப்பு. எந்தச் சாமத்திலும் சீடர்கள் தேறவில்லை. ஆனாலும் இயேசு உயிர்த்த பிறகு கல்லறையில் வந்த முதல் செய்தி "சீடரிடமும் பேதுருவிடமும்" போய்ச் சொல்லுங்கள் என்பதுதான். என்னைப் போலத் தூங்கிப்போகிறவர்களுக்கு அந்த ஒரு பெயர் பெரிய ஆறுதல்.

*

மேலே எழுதிய தம்பிக்கு 2023 திருவருகைக் காலம்; எனக்கு 2024. வேலை போயிருந்த நேரம். முதல் ஞாயிறு வாசகம் லூக்கா 21. உள்ளம் மந்தமாகாதபடி பாருங்கள் என்று சொல்லும் இடத்தில் இயேசு குடிவெறியையும் உலகக் கவலையையும் ஒரே வரியில் வைக்கிறார். குடிக்கிற பழக்கம் இல்லாததால் அதுவரை அந்த வரி எனக்கில்லை என்றே நினைத்திருந்தேன். கவலையும் ஒரு போதைதான். விடிய விடிய விழித்துக் கடன் கணக்குப் போட்டேன். பக்கத்தில் மகள் என்ன பேசினாள் என்று கேட்டால் தெரியாது.

அவள்தான் தினமும் கேட்பாள், "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் அம்மா?" 1839இல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய யோகான் விக்கெர்னிடமும் பிள்ளைகள் இதையேதான் கேட்டார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் நாளுக்கொரு மெழுகுதிரி வைத்தார். நாங்கள் வாரத்துக்கு ஒன்றாக நான்கே வைத்திருந்தோம். திரியை ஏற்றிய பிறகு பத்து நிமிடம் அவளை மட்டும் கேட்பது என்று முடிவு செய்தேன். வேலை பிப்ரவரியில்தான் கிடைத்தது. ஆனால் அந்தப் பத்து நிமிடங்களில் நான் விழித்திருந்தேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

*

நீங்கள் இருவரும் எழுதியதை வாசித்தேன். டிசம்பர் 17 முதல் 23 வரை திருச்சபையின் மாலைச் செபத்தில் வரும் "ஓ" அழைப்புகளைத் தனியாக இருக்கிறவர்கள் சொல்லிப் பாருங்கள். நாளுக்கு ஒன்றாக, கிறிஸ்துவை "ஓ" என்று விளித்து அழைக்கும், ஞானமே என்று தொடங்கி இம்மானுவேலே என்று முடியும் ஏழு பெயர்கள். இலத்தீனில் அவற்றின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து சேர்த்தால் "நாளை வருவேன்" என்று வரும். கணவர் போன பிறகு என் டிசம்பர் மாலைகள் இப்படித்தான் போகின்றன.

முதலில் எழுதிய தம்பி, அப்பா எப்படி இருக்கிறார்?

*

அக்கா, அப்பா அந்த 2023 டிசம்பர் 20 அதிகாலையில் போய்விட்டார். அன்றைய அழைப்பு "தாவீதின் திறவுகோலே" என்பது; இருளில் இருப்பவர்களை வெளியே கொண்டுவர வாரும் என்று கேட்கிறது. அன்று மாலை வீட்டில் எல்லோரும் அதைச் சொன்னோம். காலையில் அப்பாவை வெளியே கொண்டுவரும்போது வார்டு கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் அந்தப் பெரியவர்தான்.