நீர்த்துளி மோதல் படங்கள்: டைமர் கட்டாயமா?

லென்ஸ்மணி:
மழைக்காலன் நேற்று இங்கே போட்ட படத்துக்கு எல்லாரும் கைதட்டியாயிற்று: ஒரு துளி மேல் இன்னொரு துளி மோதிக் குடைபோல் விரிகிறது, எடுத்தது டைமர் சர்க்யூட் வைத்து. வால்வைத் திறப்பதும் ஃபிளாஷை அடிப்பதும் சர்க்யூட்டின் வேலை என்றால், படம் எடுத்தவர் யார்? மருந்துக்கடையில் ஒரு குளுக்கோஸ் டிரிப் செட், கிட்டத்தில் பெரிதாக எடுக்க ஒரு மேக்ரோ லென்ஸ், கை. இது போதாதா? ஹை ஸ்பீட் சிங்க் (ஷட்டர் மிக வேகமாக ஓடும்போதும் ஃபிளாஷ் அடிக்கும் முறை) போட்டு ஷட்டரை 1/8000 நொடிக்கு வைத்தால் துளி அப்படியே நிற்குமே.

மழைக்காலன்:
நிற்காது மணி அண்ணே. 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு சுமார் 2.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/8000 நொடியில் 0.35 மி.மீ. நகர்ந்துவிடும். மேக்ரோவில் அது அப்பட்டமாகத் தெரியும். அதோடு ஹை ஸ்பீட் சிங்கில், ஷட்டர் திரை சென்சாரைக் கடந்து முடிக்கும்வரை ஃபிளாஷ் விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருக்கும். துளியின் மேல்பாதி ஒரு நேரம், கீழ்பாதி இன்னொரு நேரம்.

ஷட்டரை மறந்துவிடுங்கள். அறையை இருட்டாக்கி, ஷட்டர் 1/160 நொடி, லென்ஸ் துவாரம் எஃப் 11, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 200. துளியை நிறுத்துவது ஃபிளாஷ்தான். நிக்கான் எஸ்.பி.-800 ஃபிளாஷ் முழு சக்தியில் 1/1050 நொடி எரியும். 1/128 சக்தியில் 1/41,600. அதற்குள் துளி நகர்வது 0.07 மி.மீ.கூட இல்லை. வெளிச்சம் பத்தாவிட்டால் இன்னொரு ஃபிளாஷைப் பக்கத்தில் வையுங்கள், சக்தியைக் கூட்டாதீர்கள்.

நெல்லைக்காரன்:
இது கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷுக்கு. பழைய ஸ்டுடியோ லைட் பலவற்றில் சக்தியைக் குறைத்தால் எரியும் நேரம் நீளும். கல்யாண ஸ்டுடியோ லைட்டை எடுத்து வந்து ஏமாறாதீர்கள்.

லென்ஸ்மணி:
ஃபிளாஷை விடுங்கள், பேச்சு டைமரைப் பற்றி. டைமர் படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த குடை. ஆங்கிலேய இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன் மின் தீப்பொறி வெளிச்சத்தில் தெறிப்புகளைக் கண்ணால் பார்த்து, பல வருடம் சமச்சீராகவே வரைந்தார். 1894-ல் போட்டோவில் பிடித்த பிறகுதான் நிஜத் தெறிப்பு கோணல்மாணலானது என்று புரிந்தது. அந்தக் கோணல் எங்கே போயிற்று உங்கள் படத்தில்?

துளசி:
நல்ல ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள் சார்! துளியோடு கூடவே ஒரு சின்ன உருண்டையை விழவிட்டு, அது தீப்பொறியைத் தூண்டும்படி செய்தவர் அவர். டைமர் இல்லாமல் வேறென்ன அது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1957-ல் எடுத்த, பால்துளி கிரீடம்போல் தெறிக்கும் படமும் மின்னணு ஃபிளாஷ் போட்டதுதான். எட்ஜர்ட்டன் படம் எடுக்கவில்லை என்பீர்களா?

மழைக்காலன்:
கிரீடம் வேறு, மோதல் வேறு. கிரீடத்துக்கு ஒரு துளி போதும், கையாலேயே எடுக்கலாம். மோதலுக்கு, முதல் துளி விழுந்த பள்ளம் மூடி, தண்ணீர் தூணாக எழும்போது, அதன் உச்சியில் இரண்டாவது துளி வந்து இறங்க வேண்டும். சுமார் 100 மில்லிசெகண்ட், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு, பின்னால். டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 துளி என்று வைத்தால், நொடிக்குப் பத்துத் துளி என்பது அரை மில்லி. அந்த வேகத்தில் கிட்டத்தட்ட ஒழுகல்தான். எப்போதாவது மோதும், ஃபோகஸ் வேறெங்கோ இருக்கும்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். கொத்தவரை விதைப் பசையைத் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் இருமுறை வடிகட்டுவேன். ஒரு கட்டி தங்கினாலும் வால்வு அடைக்கும். பதம் சரியாக வந்தால் தூண் முத்து முத்தாக உடையாமல் தடியாக எழும். துளி விழும் இடத்தில் ஒரு திருகாணியை நிறுத்தி, அதன் மரையில் கையால் ஃபோகஸ் செய்வேன். சர்க்யூட் இதையெல்லாம் செய்யாது.

லென்ஸ்மணி:
சரி, அப்படியென்றால் படத்துக்குக் கீழே மில்லிசெகண்ட் எண்களையும் போடுங்கள். பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். நான் ஒழுகலிலேயே எடுக்கிறேன், கோணலாக வந்தால் வரட்டும்.

மழைக்காலன்:
தாராளமாக. வால்வின் முதல் திறப்பு 35, இடைவெளி 80, இரண்டாவது திறப்பு 30, ஃபிளாஷ் அடிப்பது 395-வது மில்லிசெகண்டில். உங்கள் உயரத்தில், உங்கள் பதத்தில் இதே எண்கள் வேலை செய்யாது, மாற்றிப் பாருங்கள்.

நெல்லைக்காரன்:
எண்ணைப் பார்த்துச் சர்க்யூட் கட்டக் கிளம்புகிறவர்களுக்கு: வால்வு காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போடுங்கள். இல்லாவிட்டால் வால்வை இயக்கும் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) போய்விடும்.