ஊட்டியில் பிரெட் மெஷின்: ரொட்டி பொங்கி வந்து நடுவில் அமுங்கிவிடுகிறது, மெஷினை மாற்றவா?

ஃபெர்ன்ஹில் அம்மா:

வணக்கம். கோவையில் இருக்கும் என் அக்கா புது பிரெட் மெஷின் வாங்கியதால் பழையதை என்னிடம் கொடுத்துவிட்டாள். அவள் வீட்டில் இதே மெஷினில் ரொட்டி பஞ்சு மாதிரி வரும், நானே சாப்பிட்டிருக்கிறேன். இங்கே கொண்டுவந்து மூன்று தடவை போட்டுவிட்டேன், மூன்றும் வீணாகிவிட்டது.

அக்கா சொன்ன அளவு: மைதா 400 கிராம், தண்ணீர் 260 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், சர்க்கரையும் எண்ணெயும் இரண்டிரண்டு டேபிள்ஸ்பூன். முதல் தடவை கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன், மாவு ஜோராகப் பொங்கி வந்தது, சூடு ஏற ஆரம்பித்ததும் நடுவில் மெல்ல மெல்லக் குழி விழுந்து கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. வெட்டினால் அடியில் களி மாதிரி ஈரம். குளிர்தான் காரணம் என்று நினைத்தேன், ஏனென்றால் இந்த மழையில் இட்லி மாவைக் கம்பளியில் சுற்றி வைத்தாலும் மறுநாள் சாயங்காலம்தான் பொங்குகிறது. அதனால் அடுத்த தடவை ஈஸ்ட் இரண்டு டீஸ்பூன் போட்டு வெந்நீர் ஊற்றினேன், மாவு மூடியைத் தொட்டு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை இன்னும் மோசம்.

மழை நாளில் மேலே வண்டி வராவிட்டால் கடையில் பிரெட் கிடைப்பதில்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கு அதைத்தான் கேட்கிறார்கள். மெஷின் பழுதா? புதிது வாங்குவது என்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கொடைக்காரன்:

சகோதரி, மெஷினில் ஒரு பழுதும் இல்லை, புதிது வாங்க அவசரப்படாதீர்கள். நானும் கொடைக்கானலில் முதல் மாதம் முழுக்க இதே குழியைத்தான் பார்த்தேன்.

கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் ஈஸ்ட் விடுகிற வாயு மாவுக்குள் சுலபமாக விரிந்துவிடும். மாவு சீக்கிரமே முழு உயரத்துக்கு வந்துவிடுகிறது, ஆனால் மெஷின் தன் கணக்குப்படி இன்னும் அரை மணி, முக்கால் மணி காத்திருக்கும். அதற்குள் மாவு இழுபட்டு வலுவிழந்து, சூடு பட்டதும் உட்கார்ந்துவிடும். இட்லி மாவோடு ஒப்பிட்டதில்தான் தவறு நடந்திருக்கிறது. இட்லி மாவுக்கு நம் சமையலறைக் குளிர், மெஷினுக்குள் இருக்கும் மாவுக்கு அந்தக் குளிர் கிடையாது, உப்புகிற நேரத்தில் அதுவே இளஞ்சூடு கொடுத்துக்கொள்ளும். நீங்கள் ஈஸ்டையும் கூட்டி வெந்நீரும் விட்டால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின கதைதான்.

உங்கள் 400 கிராம் மைதாவுக்கு ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் போதும், தலை தட்டி. சர்க்கரையை ஒரு டேபிள்ஸ்பூன் ஆக்குங்கள், உப்பு ஒன்றேகால் டீஸ்பூன், அது ஈஸ்டைக் கொஞ்சம் அடக்கும். தண்ணீர் 240 மில்லியில் ஆரம்பியுங்கள், குழாயிலிருந்து வருகிற பச்சைத் தண்ணீர். மழைக்காலத்தில் மைதாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்.

அப்புறம் இதை மட்டும் விடாதீர்கள்: பிசைய ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்து பாருங்கள், அந்த நேரத்தில் திறந்தால் ஒன்றும் ஆகாது. மாவு ஒரே உருண்டையாகச் சுற்ற வேண்டும், பாத்திரத்தின் ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும், விரலால் தொட்டால் லேசாக ஒட்டியும் ஒட்டாமலும் விட வேண்டும். அடியில் குழம்பிக் கிடந்தால் ஒரு ஸ்பூன் மைதா, வறண்டு கட்டி கட்டியாக உடைந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர். எந்த அளவுச் சீட்டையும்விட இந்த உருண்டையை நம்புங்கள்.

அப்படியும் குழி விழுந்தால் ரேபிட் புரோகிராமில் போட்டுப் பாருங்கள், அதில் உப்புகிற நேரம் குறைவு.

கூடலூர் மழை:

பின்னால் புது மெஷின் வாங்கினால் மலையில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பிசைவது, உப்புவது, சுடுவது ஒவ்வொன்றுக்கும் நிமிடத்தை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்பது. எல்லா மெஷினிலும் அது இருக்காது. 25 புரோகிராம், 30 புரோகிராம் என்று அட்டையில் போட்டிருப்பதில் மயங்காதீர்கள், நான் பயன்படுத்துவது மூன்றுதான். நாலு பேருக்கு 750 கிராம் ரொட்டி போடுகிற அளவு சரியாக இருக்கும்.

அடுத்தது கரண்ட். எங்கள் பக்கம் காற்று மழையில் மரம் விழுந்தால் போன கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பவர் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வசதி சில மெஷின்களில் உண்டு, ஆனால் சில நிமிடங்களுக்குத்தான். எத்தனை நிமிடம் என்று வாங்கும்போதே கேளுங்கள். போன வருஷம் மாவு உப்பி நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. எண்ணெய் தடவிய டின்னுக்கு மாவை மாற்றி, குக்கரில் அடியில் உப்பைக் கொட்டி ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வைத்தேன். மேலே நிறம் ஏறவில்லை, ஆனால் உள்ளே நன்றாக வெந்திருந்தது. அதனால் கரண்ட் போனால் மாவைக் கொட்டிவிடாதீர்கள். சின்ன இன்வெர்ட்டரில் மட்டும் மெஷினைப் போட வேண்டாம், சுடும்போது 500, 600 வாட் இழுக்கும்.

அருவங்காடு அண்ணி:

தினமும் பிள்ளைகளுக்கு வெறும் மைதாவா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. குழி விழுவது நின்றதும் பாதி மைதா, பாதி கோதுமை மாவு என்று போடுங்கள். கோதுமை மாவு தண்ணீர் நிறையக் குடிக்கும், 30, 40 மில்லி கூட ஆகும், ரொட்டியும் அவ்வளவு உயராது. அதற்காக ஈஸ்டைக் கூட்டாதீர்கள்.

இன்னொன்று, நம் ஊரில் உருளைக்கிழங்குக்கா பஞ்சம்! ஒரு கிழங்கை வேகவைத்துக் கட்டியில்லாமல் மசித்து, 100 கிராம் அளவு சேர்த்துப் பாருங்கள். கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் ஊற்றுகிற தண்ணீரில் 50 மில்லி குறைத்துவிட்டு உருண்டையைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ரொட்டி இரண்டு நாள் ஆனாலும் மெத்தென்று இருக்கும், டிபன் பாக்ஸில் வைத்தால் மதியம் வரை காயாது.

ராத்திரி டைமர் வைப்பதானால் தண்ணீர் அடியில், மாவு மேலே, மாவில் குழி பண்ணி அதில் ஈஸ்ட். ஈஸ்டில் ஈரம் படக் கூடாது. பால், முட்டை சேர்க்கிற ரொட்டிக்கு டைமர் வேண்டாம்.

ஃபெர்ன்ஹில் அம்மா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று கொடைக்காரன் அண்ணா சொன்ன அளவில் போட்டேன். பத்தாவது நிமிடம் திறந்து பார்த்தால் 240 மில்லிக்கே மாவு அடியில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, இரண்டு ஸ்பூன் மைதா போட்டதும் உருண்டு வந்துவிட்டது. மூடிக்கு மூன்று விரல் கீழேயே நின்றது, மேலே குழி இல்லை, நல்ல வளைவு! முடிந்ததும் உடனே எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவைத்தேன், சின்னவன் ஆறும் வரை பொறுக்கவில்லை, ஓரத்தைப் பிய்த்து வெண்ணெய் தடவித் தின்றுவிட்டான். அக்காவுக்கு போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். பிசைகிற பிளேடு ரொட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது, எடுக்கும்போது அடிப்பக்கம் பெரிய ஓட்டை. இதற்கு வழி உண்டா?

கொடைக்காரன்:

ரொம்ப சந்தோஷம் சகோதரி. கடைசியாக ஒருமுறை பிசைந்து முடிந்து உப்ப ஆரம்பிக்கும்போது கையை நனைத்துக்கொண்டு மாவைத் தூக்கி பிளேடை உருவிவிடுங்கள், மாவை மறுபடி வைத்து மேலே தடவிச் சமமாக்குங்கள். எந்த நிமிடம் என்பது உங்கள் மெஷின் புத்தகத்தில் இருக்கும், குறித்து மூடி மேல் ஒட்டிவையுங்கள். தாண்டிப்போனால் அன்றைக்கு எடுக்க வேண்டாம், உப்பின மாவைக் கலைத்தால் திரும்பவும் குழிதான்.