ஸ்டீல் மேல் சிலிக்கோன் ரப்பர் கோட்டிங்: அளந்தால் ஏன் இவ்வளவு விறைப்பு?

லேப்வாசி:
சாண்ட் பிளாஸ்ட் செய்த (மணல் வீசிக் கரடாக்கிய) ஸ்டீல் தட்டில் சிலிக்கோன் ரப்பர் ஊற்றி, சராசரி 100 மைக்ரான் கனத்துக்குக் கோட்டிங் போட்டிருக்கிறேன். 5 மி.மீ. ஆரமுள்ள ஸ்டீல் குண்டை 10 மைக்ரான் ஆழம் அழுத்தி, விசையை ஹெர்ட்ஸ் சூத்திரத்தில் (குண்டு அழுந்தும் ஆழத்தையும் விசையையும் இணைப்பது) போட்டால் யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பு, ஓரிடத்தில் 28 மெகாபாஸ்கல், இன்னோரிடத்தில் 60. மேற்பரப்போ கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. எங்கே கோளாறு?

ரப்பர்பிரியன்:
சரியாக க்யூர் ஆகியிருக்காது, அதாவது முழுசாக இறுகியிருக்காது. இன்னும் கொஞ்ச நேரம் ஓவனில் வையுங்கள்.

லேப்வாசி:
அதே கலவையில் வார்த்த 1 செ.மீ. கனக் கட்டி 2 மெகாபாஸ்கல்தான் காட்டுகிறது அண்ணா.

குண்டூசி:
க்யூர் ஆகாத ரப்பர் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும், அதை விடுங்கள். ஹெர்ட்ஸ் 1882-இல் எழுதியது ஆழத்துக்கு எல்லையே இல்லாத திண்மத்துக்கு. குண்டின் ஆரத்தையும் அழுத்திய ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: தொடு ஆரம் சுமார் 220 மைக்ரான். கோட்டிங் கனத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல்! ரப்பரின் பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் அழுத்தினால் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்பது) கிட்டத்தட்ட 0.5, அதாவது அழுத்தினாலும் அதன் வால்யூம் குறையாது. அடியில் ஸ்டீலோடு ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் பிதுங்கவும் வழியில்லை. விறைக்காமல் என்ன செய்யும்?

இடத்துக்கு இடம் மாறுவதும் இதனால்தான். திரவமாக ஊற்றியதால் மேலே சமமாகிவிட்டது. ஸ்டீலின் மேடுபள்ளம் உள்ளே அப்படியே கிடக்கிறது. இப்படி நெருக்குண்ட மெல்லிய படலத்தின் விறைப்பு, கனத்தின் முப்படிக்குத் தலைகீழாகப் போகும். 20 சதவீதம் மெலிந்த இடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

0.5 மி.மீ. ஆரக் குண்டு, 2 மைக்ரான் ஆழம் என்று இறங்குங்கள். அப்போதும் ஹெர்ட்ஸ் ஒன்றரை மடங்கு கூட்டிக் காட்டும். மெல்லிய படலங்களுக்கான டிமிட்ரியாடிஸ் ஆய்வுக் குழுவின் 2002 திருத்தச் சூத்திரத்தால் அதைச் சரிசெய்யலாம். அப்புறம், இவ்வளவு சின்ன விசையில், ரப்பர் குண்டோடு ஒட்டிக்கொள்ளும் ஒட்டுவிசை குழப்பும். சோப்புத் தண்ணீரில் மூழ்கவைத்து அழுத்தினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

லேப்வாசி:
நன்றி. இதே கோட்டிங் கரடான உலோகத்தின் மேல் அழுந்தி சீல் ஆக வேண்டும். கணக்கில் 2 போடவா, 28 போடவா?

குண்டூசி:
ரப்பருக்கு எப்போதும் 2. ஆனால் படலத்தைப் படலமாகவே கணக்கிடுங்கள், ஒரே குணகத்தை எல்லா இடத்துக்கும் போடாதீர்கள். ஒரு கரட்டின் அலைநீளம் (ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரம்) எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு ஆழத்துக்குத்தான் அதன் அழுத்தம் இறங்கும். 10 மைக்ரான் அலைகளுக்கு அடியில் ஸ்டீல் இருப்பதே தெரியாது, ரப்பர் படிந்துகொள்ளும். மில்லிமீட்டர் அலைகள் ஸ்டீலை உணரும். சீல் கசிந்தால் முதலில் அங்கே பாருங்கள்.